இரையும் பெட்டி

டோர்கஸ் டீச்சருக்கு நாற்பது வயது. அவரிடம் வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டப் படிக்க வந்த சங்கரலிங்கத்துக்கு அறுபத்தெட்டு. பாளையங்கோட்டையில் டீச்சர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் கூடும் சீடர்களில் அவர்தான் மூத்தவர். ஈயம் பற்ற வைக்கும்போது அதிகம் கை சுட்டுக்கொண்டவரும் அவர்தான்.

மற்றவர்கள் பெரிய பெரிய ஆம்ப்ளிஃபயராகக் கட்டினார்கள். சங்கரலிங்கம் ஒரு ப்ரீஆம்பை மட்டும் கட்டிக்கொண்டிருந்தார். இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கிற சின்ன வால்வுப் பெட்டி அது.

"டீச்சர், இரைச்சல் போவவே மாட்டேங்கு."

"எர்த்தை மாத்திக் கட்டுனீங்களா அண்ணாச்சி?"

"கட்டுனேன்."

"ட்ரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வச்சீங்களா?"

"அதையும் செஞ்சு பாத்துட்டேன்."

டீச்சர் அந்தப் பெட்டியை வாங்கித் தன் மேசையில் மாட்டி, ஏதோ ஒரு தட்டைப் போட்டார். பாட்டு வந்தது. இரைச்சல் இல்லை.

"இங்க இரையலையே?"

"வீட்ல இரையுது."

வால்வுக்காரர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. இரைச்சல் என்று காதில் விழுந்தால் போதும், தாங்கள் கட்டிய பெட்டியைத்தான் குடைவார்கள். பக்கத்துத் தெருவில் மாவு மில் ஓடினாலும் பெட்டியின் மூடியைத்தான் கழற்றுவார்கள். டீச்சரும் அந்தக் கூட்டம்தானே. வாராவாரம் ஒரு வைத்தியம் சொல்லி அனுப்பினார். சங்கரலிங்கமும் சொன்னதையெல்லாம் செய்துவிட்டு, அடுத்த வாரம் அதே முகத்தோடு வந்து நின்றார்.

கடைசியில் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "நானே வந்து பாக்கேன்" என்று கிளம்பிவிட்டார்.

மனைவி ஆவுடை இறந்தபிறகு சங்கரலிங்கத்தின் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. மேசை மேல் ஹோட்டல் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. வெளியே வானம் மழைக்கு மூடி, பகலிலேயே வீடு இருட்டிவிட்டிருந்தது. சங்கரலிங்கம் பீரோவிலிருந்து, பழைய சேலையில் சுற்றிய ஒரு தட்டை எடுத்து வந்தார்.

"இது கடையில வித்தது இல்ல டீச்சர். மாதிரிக்கு வெட்டுனது. உலகத்துல இது ஒண்ணுதான். பூச்சு ரொம்ப மெது. ஒவ்வொரு தடவை ஊசி ஓடும்போதும் தேயும்."

ஊசி தட்டில் இறங்கியது. அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல ஒரு ரீங்காரம் எழுந்தது. அதற்குள்ளிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல் பாடத் தொடங்கியது.

டீச்சர் ஊசியைத் தூக்கினார். இரைச்சல் சட்டென்று நின்றது.

"பெட்டி இரையல அண்ணாச்சி. தட்டுதான் இரையுது."

"தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சுக்கிட்டா என்னை இந்தப் பாடு படுத்துனீங்க?"

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. சங்கரலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"கல்யாணமான புதுசு. மதுரையில ஒரு தட்டுக் கம்பெனிக்காரன் ஆவுடை குரலைப் பாக்கணும்னு கூப்பிட்டான். சின்ன ரூம். சன்னலையெல்லாம் அடைச்சு வச்சிருந்தான். ஆவுடைக்கு வேர்த்து ஊத்துது. மயங்கி விழுந்துருவாளோன்னு பயந்து, மூலையில கெடந்த ஃபேனைப் போட்டு விட்டேன். மெஷின்காரன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தான். கவனிக்கல."

"பெறவு?"

"குரல் நல்லாருக்கு, ஆனா பின்னால இரையுது, எடுக்க முடியாதுன்னு தட்டைக் கையில குடுத்துட்டான். இன்னொரு தடவை போவோம் வான்னேன். வரலைன்னுட்டா. அதுக்குப் பெறவு அவ பாடவே இல்ல. என்னை ஒரு வார்த்தை கேக்கவும் இல்ல. ரெண்டு திட்டு திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்."

டீச்சர் தட்டின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்த ஃபேனை நிப்பாட்டணும் டீச்சர். ஒரே ஒரு தடவை அவ பாட்டைச் சுத்தமா கேட்டாப் போதும். முடியுமா?"

"முடியும்" என்றார் டீச்சர்.

அடுத்த ஞாயிறு ஒரு கம்பிச்சுருளும் கெப்பாசிட்டரும் அவர் வீட்டுக்கே கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தார். ஃபேன் இரையும் அந்த ஒரு ஒலியை மட்டும் விழுங்கிவிடுகிற சர்க்யூட். பற்ற வைக்கும் வேலையைச் சங்கரலிங்கத்திடமே விட்டார்.

"இடது கை எங்க?"

சங்கரலிங்கம் அவசரமாக இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். டீச்சரின் மாடியில் அது சட்டம். வால்வுப் பெட்டிக்குள் ஒரு கைதான் போக வேண்டும். இரண்டும் போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும்.

கடைசியாக, அந்தச் சர்க்யூட்டை வேண்டாதபோது விலக்க, டீச்சர் ஒரு சுவிட்சையும் மாட்டச் சொன்னார்.

"சுவிட்ச் என்னத்துக்கு? ஃபேன் எப்பமும் நின்னே கெடக்கட்டுமே."

"மாட்டுங்க."

வால்வுகள் சூடேறிச் சிவந்தன. ஊசி இறங்கியது. இரைச்சல் இல்லை. ஆவுடையின் குரல் மட்டும் வந்தது. சங்கரலிங்கத்தின் கண் நிரம்பிவிட்டது.

முதல் வரி முடிந்தது. அடுத்த வரிக்கு முன்னால் குரல் சற்று நின்றது. மறுபடி தொடங்கியபோது, இருட்டில் சுவரைத் தடவி நடக்கிறவர் போல எங்கோ தொட்டு எங்கோ ஊன்றியது. சங்கரலிங்கம் கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன டீச்சர், இப்படித் தடுமாறுதா?"

டீச்சர் தலையைச் சாய்த்து, பாட்டையே கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பம் குரல் நல்லாருக்குன்னு அவன் மரியாதைக்குத்தான் சொல்லியிருக்கான். இவ்வளவுதானா அவ பாட்டு? இதுக்கா நான் இத்தனை வருசம் கெடந்து வெந்தேன்?"

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரைச்சல் இருந்தவரை அவருக்கு ஒரு பெரிய பாடகி இருந்தாள். இப்போது அவளும் இல்லை.

"அண்ணாச்சி, அன்னைக்குச் சுருதிப்பெட்டி யாரு போட்டா?"

"சுருதிப்பெட்டியா? அது எங்க இருந்துது? வெறுங்குரல் போதும்னுட்டான்."

டீச்சர் சுவிட்சைத் தட்டினார்.

தட்டில் ஃபேன் மறுபடி ஓடத் தொடங்கியது. டீச்சர் வாயை மூடி, அந்த இரைச்சலோடு சேர்ந்து மெல்ல "ம்ம்ம்" என்று இழுத்தார். ஆவுடை ஒரு வரியை முடித்தாள். சற்று நின்றாள். அந்த இடைவெளியில், கரண்ட் குறைந்து ஃபேனின் இரைச்சல் சற்று இறங்குவது மட்டும் கேட்டது. அதைக் காதில் வாங்கிக்கொண்டு, சரியாக அதன் மேலேயே அடுத்த வரியை வைத்தாள். ஒரு இடத்திலும் பிசகவில்லை.

சங்கரலிங்கம் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஃபேனைப் போட்டது நான்தான் டீச்சர்" என்றார், இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறவர் போல.

"அவங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி. அதையே சுருதியாப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாடியிருக்காங்க."

பாட்டு முடிந்தது. தட்டில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி தட்டைத் தேய்த்துக்கொண்டே போனது.

டீச்சர் ஊசியைத் தூக்கக் கையை நீட்டினார். சங்கரலிங்கத்தைப் பார்த்தார். அவர் இன்னும் அந்த ஃபேனைக் கேட்டுக்கொண்டிருந்தார். நீட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.