இரண்டாவது வயரும் பூண்டு முறமும்

"குருவே, ரெண்டு வயர் போட்டாச்சு. வேகம் மட்டும் பழைய வேகந்தான்" என்று அலுத்துக்கொண்டார் பொன்னுலிங்கம்.

கல்யாண வீடியோ எடுப்பவர். எடுத்ததையெல்லாம் வீட்டு மூலையில் இருக்கும் சர்வர் பெட்டியில்தான் ஏற்றிவைப்பார். பெட்டியின் பின்னால் வயர் செருக இரண்டு நெட்வொர்க் போர்ட். ஒன்று இத்தனை நாளும் சும்மா கிடந்தது. அதிலும் வயரைச் செருகி, இரண்டையும் சேர்த்துவிட்டால் வீடியோ இரட்டை வேகத்தில் ஏறும் என்று மனக்கோட்டை கட்டியிருந்தார் மனுஷன்.

குரு என்பது ஜெசிந்தா. வயதில் அவருக்கு இளையவள்தான். ஆனால் நெட்வொர்க் விஷயத்தில் அவள் சொல்வதுதான் அவருக்கு வேதவாக்கு.

அவள் பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து மேசையில், இன்னொரு கம்ப்யூட்டர் முன்னால் ஒரு முறம் இருந்தது. அதில் பாதி உரித்த பூண்டு.

"இது என்னண்ணே?"

"என் வீட்டுக்காரியோடது. இதே சர்வர் பெட்டியில இருந்து படத்த எடுத்து ஆல்பம் பண்றேன்னு உக்காருவா, பாதியில எந்திரிச்சுப் பூண்டு உரிக்கப் போயிருவா. நாளைக்கு ஆல்பம் குடுக்கணும். பொண்ணு வீட்டுக்காரங்க போன்ல கத்துறாங்க. இவ என்னடான்னா ஆடி அசைஞ்சு..."

"வீடியோவ ஏத்துங்க."

ஏற்றினார்.

"மரகதக்கா, நீங்களும் வந்து உக்காருங்க."

அடுப்படியிலிருந்து மரகதம் எட்டிப் பார்த்தாள். "அவுக ஏத்தி முடிக்கட்டும்மா. அந்த நேரம் நானும் படத்தத் திறந்தா ரெண்டு பேருக்கும் இழுத்துக்கிட்டு நிக்கும். பாவம், அவுக வேலை கெட்டுரும்."

பொன்னுலிங்கம் முறத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பரவால்லக்கா, உக்காருங்க."

உட்கார்ந்தாள். மணப்பெண் படம் திறந்தது. அடுத்த படமும் திறந்தது. அதற்கடுத்ததும்.

"ஏங்க, ஏத்துறத நிறுத்திட்டீகளா?"

"இல்லையே. ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"பெறகு எனக்கு எப்படி நிக்காம வருது?" மரகதம் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

பொன்னுலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை தடவை தனக்காக எழுந்து போயிருப்பாள். ஒரு வார்த்தை சொன்னதில்லையே. இப்படி ஒருத்தி வாய்த்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஜெசிந்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஒருத்தர் ஏத்துறதுக்கு ஒரு வயர்தாண்ணே ஓடும். ரெண்டு பேர் வந்தா ஆளுக்கொரு வயர். வேகத்தப் பத்தி என்னமோ சொன்னீங்களேண்ணே?"

பொன்னுலிங்கம் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ வேலையப் பாரு மரகதம்" என்றபடி பூண்டை உரிக்கத் தொடங்கினார்.