மாவு கறுப்பா வருது

கோயம்புத்தூர் கணபதியில் பூவாத்தாள் என்பவள் கிரைண்டர் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த காலத்தில், பட்டறைக்கென்று ஓர் இணையப் பக்கம் பிறந்தது. பிறந்து ஆறு மாதமாகியும் அதை ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. பாவம், நின்று நின்று அதற்குக் கால் கடுத்ததுதான் மிச்சம்.

எதிரே கண்ணாடிக் கதவு வைத்த பெரிய சர்வீஸ் சென்டர் வந்ததும், பட்டறைக்கு நடந்து வருகிற கூட்டமும் நின்றுபோனது. தீபாவளிக்கு இருபத்தைந்து நாள் இருக்கையில், பூவாத்தாள் தன் மெக்கானிக் வெள்ளிங்கிரியிடம் சொன்னாள்:

“தீவாளி வரைக்கும் பாக்கலாமுங்ண்ணா. அதுக்குள்ள இந்தப் பக்கத்தப் பாத்து ஒருத்தராச்சும் கிரைண்டரத் தூக்கிட்டு வரோணும். இல்லீன்னா பக்கத்தையும் மூடிப்போட்டு, பட்டறையையும் ஒப்படைச்சுரலாம்.”

மேஜைமேல் கணினிக்குள் இருந்த இணையப் பக்கத்துக்கு இது காதில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து, இணையத்தில் குறுக்குவழி விற்றுத் திரியும் ஜிகினா வந்து சேர்ந்தது. அவசரத்தில் இருப்பவர்களை மோப்பம் பிடித்துப் போவதுதான் அதன் பிழைப்பு.

“‘கோவையின் நம்பர் ஒன் கிரைண்டர் சர்வீஸ்’ என்று இருநூறு தடவை எழுதிக்கொள்” என்றது. “வெள்ளைமேல் வெள்ளை எழுத்தில். மனிதர் கண்ணுக்குத் தெரியாது, தேடலுக்கு மட்டும் தெரியும். மறுநாளே உனக்கு முதலிடம்.”

பக்கம் மேனி முழுக்க எழுதிக்கொண்டது.

தேடல் வந்தது. உலகத்துப் பக்கங்களையெல்லாம் படித்து வரிசையில் நிறுத்துவது அதன் வேலை. அது கோபப்படாது, சிரிக்காது, ஓரிடத்தில் உட்காரவும் உட்காராது. வெள்ளை எழுத்தில் பத்து வரி படித்தது. பிறகு, ஏழாவது வரிசையில் இருந்த பக்கத்தை எழுபதாவதில் கொண்டுபோய் வைத்தது. ஜிகினா எப்போதோ கம்பி நீட்டிவிட்டது.

“நில்லுங்கள்” என்று பக்கம் பின்னாலேயே ஓடியது. “இப்படிச் செய்தால் நான் செத்தே போவேன்.”

“காலையிலிருந்து முப்பது பேர் என்னிடம் ‘மாவு கறுப்பா வருது’ என்று கேட்டுவிட்டார்கள்” என்றது தேடல், நடையை நிறுத்தாமல். “உன்னிடம் அதற்குப் பதில் இருக்கிறதா?”

“எங்கள் பூவாத்தாள் அம்மிணிக்குத் தெரியுமே. இருபது வருஷமாக அதைத்தானே சரிசெய்கிறார்.”

“எனக்கு உங்கள் அம்மிணியைத் தெரியாது. உன்மேல் எழுதியிருப்பதைத்தான் நான் படிப்பேன்.”

அன்றுவரை வாய் திறக்காத பக்கம் பூவாத்தாளிடம் வாய் திறந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, மாவு கறுப்பதைச் சரிசெய்யும் வழியை எழுதித்தரச் சொல்லிக் கேட்டது.

அவள் முகம் இறுகியது. போனில் யார் எதைக் கேட்டாலும் “கொண்டாந்து காட்டுங்க” என்பதோடு நிறுத்திக்கொள்வது அந்தப் பட்டறையின் வழக்கம். “வழியச் சொல்லிக் குடுத்துட்டா அப்பறம் ஆரு வருவா?” என்றாள்.

“இப்போதும் யாரும் வரவில்லையே அம்மிணி” என்றது பக்கம்.

வெள்ளிங்கிரி தலையைக் குனிந்துகொண்டான். பூவாத்தாளுக்குச் சுருக்கென்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெள்ளை எழுத்தையெல்லாம் அழித்தாள். பாத்திரத்தின் அடியில் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தேய்ந்தால் கிரீஸ் மேலேறி மாவில் கலக்கும் என்றும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிக் கழற்றி மாற்றுவது என்றும் எழுதினாள். படங்களும் எடுத்துப் போட்டாள். ஒரு திருகாணியைக்கூட மறைக்கவில்லை.

மறுநாள் தேடல் வந்து அதைப் படித்து, பக்கத்தைக் கொஞ்சம் மேலே நகர்த்திவிட்டுப் போனது. பத்து நாள் சத்தமே இல்லை. பதினோராம் நாள் போன் அடித்தது.

“உங்க பக்கத்தப் படிச்சனுங்க. அதுல இருந்தபடியே நானே மாத்திப் போட்டனுங்க. மாவு வெள்ள வெளேர்னு வருது. ரொம்ப நன்றிங்க” என்று ஒருவர் சொல்லிவிட்டு வைத்தார்.

மறுநாள் இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். பூவாத்தாள் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“நான் அப்பவே சொன்னன்” என்றாள் பக்கத்தைப் பார்த்து. தன்னால்தான் பட்டறை போகிறது என்று அதற்கு அழுகையாக வந்தது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, பட்டறைக் கட்டடத்தின் சொந்தக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று அவள் கிளம்பும்போது, வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அன்னூரிலிருந்து ஒரு பெண், மடியில் வைத்திருந்த கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

“நீங்க எழுதுனதப் பாத்துத் தொறந்தனுங்க. வளையந்தான் தேஞ்சிருக்குது. என்னால கழட்ட முடியலீங்க. இவ்வளவு வெவரமாச் சொல்றவங்க கையில குடுத்தாப் போதும்னு எங்க பக்கத்து வீட்டுதையும் ஏத்தியாந்துட்டன்.”

வெள்ளிங்கிரி ஸ்பேனரைத் தேடி உள்ளே ஓடினான். பூவாத்தாள் சாவியைத் திரும்பவும் இடுப்பில் செருகிக்கொண்டு கிரைண்டரைக் கைநீட்டி வாங்கினாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுபடி தேடல் அந்த வழியாக வந்தபோது பக்கம் முதல் வரிசையில் இருந்தது.

“என்னை ஏன் இங்கே கொண்டுவந்து வைத்தீர்கள்?” என்று அது கேட்டது. “வந்தவர்களில் பாதிப் பேர் தாங்களே சரிசெய்துகொண்டு போய்விட்டார்களே.”

தேடல் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு நிமிடம் நின்றது.

“உன்னிடம் வந்தவர்கள் யாரும் அதே கேள்வியோடு மறுபடி என்னிடம் வரவில்லை.”