சூசையா மாஸ்டரின் துண்டு

ராயபுரத்திலேயே சூசையா குடும்பத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். கூண்டுக்குள் இறங்கிச் சண்டை போடுகிறவர்களில் அப்படி ஒருவர் இருக்க முடியாது. பினாங்கு துறைமுகத்தில் ஒரு ஜப்பான்காரரிடம் பாட்டனார் கற்றுவந்த ஜியு-ஜித்சுவை மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கும் குடும்பம். மல்லாந்து கிடந்தபடியே மேலே இருப்பவனை மடக்கிப் பூட்டுகிற வித்தை. இன்று எந்த எம்.எம்.ஏ. கூண்டுப் போட்டியில் யார் அப்படி ஜெயித்தாலும், விசாரித்துக்கொண்டே போனால் அந்த ஓட்டுக் கொட்டகையில்தான் வந்து முடியும்.

பெரியவர் சூசையா போன வருஷம் காலமாகிவிட்டார். இப்போது அவர் மகள் ரோசலின்தான் மாஸ்டர். சீடர்களில் மூத்தவர் தஸ்நேவிஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வயதில் ரோசலினைவிடப் பதினைந்து வருஷம் பெரியவர். வெளியே பார்த்தால் அவர் அவளை ‘ரோசி’ என்பார், அவள் அவரை ‘அண்ணா’ என்பாள். பயிற்சி மெத்தையில் கால் வைத்துவிட்டால் அந்த உறவெல்லாம் செருப்போடு வாசலில் நிற்கும்.

அன்று காலை தஸ்நேவிஸ் சுவரிலிருந்த லியோனின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லியோன், ரோசலினின் அண்ணன். பதினெட்டு வருஷத்துக்கு முன் சிங்கப்பூர்க் கூண்டில் கை முறிகிறவரை தட்டாமல் கிடந்தவன். தட்டினால் தோல்வியை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். பேப்பரில் வந்த அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தஸ்நேவிஸே இங்கே வந்து சேர்ந்தார்.

“மாஸ்டர், நாளன்னிக்கு ஜெனிட்டாவுக்கு மொத சண்ட.” ஜெனிட்டா அவர் மகள். “மூலைல நான்தான் துண்டோட நிக்கப்போறேன்.”

“தெரியும்.”

“கை மாட்டிக்கினா அது தட்டாது. இந்தக் குடும்பத்துப் பேரப் போட்டுக்கினு எறங்குது. அப்ப நான் துண்ட வீசி நிறுத்தறதா, வேணாமா?”

ரோசலின் வேறொன்று கேட்டாள். “அப்பாவ நெனச்சா உனக்கு இன்னா ஞாபகம் வருது?”

தஸ்நேவிஸின் முகம் இளகிவிட்டது.

“சாயங்காலம் கிளாஸ் முடிஞ்சதும் புதுசா வந்தவனக் கூப்டுவாரே, அதான். கழுத்தக் குடுத்து, நெருக்குடான்னுவார். எல்லாரும் பாக்க ரெண்டு தட்டு தட்டுவார். மொத நாள் என்னயும் கூப்டார் மாஸ்டர். இன்னிக்கும் தோள்ல அந்தத் தட்டு இருக்கு. எவ்ளோ பெரிய மனசு!”

அவருக்குக் கண் கலங்கியது. மறைக்கவில்லை.

ரோசலின் மல்லாந்து படுத்து வலது கையை நீட்டினாள். “பூட்டு.”

பூட்டினார்.

“இன்னும்.”

முழங்கை எதிர்ப்பக்கமாக வளைய ஆரம்பித்தது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நெற்றியில் வேர்த்தது. தட்டவில்லை. தஸ்நேவிஸ் பதறிப்போய்க் கையை விட்டார்.

“நான் தட்டலயே. ஏன் விட்ட?”

“முறிஞ்சிருக்குமே மாஸ்டர்!”

“அண்ணனுக்கு முறியறப்ப மூலைல யார் நின்னாங்க?”

“பெரிய மாஸ்டர்.”

“கைல இன்னா வெச்சிருந்தார்?”

“துண்டு,” என்றார் தஸ்நேவிஸ்.

“அதுக்கு முன்னாடி அப்பா யார்கிட்டயும் தட்டினதே கெடயாது,” என்றாள் ரோசலின். “சிங்கப்பூர்லேர்ந்து வந்த மறுநாள் தட்ட ஆரம்பிச்சார். படுக்கைல விழற வரைக்கும் ஒரு நாள் விடல.”

எழுந்து உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். நீலக் கரை போட்ட ஒரு வெள்ளைத் துண்டு. மடிப்புக் கலையாமல் அந்துருண்டை வாசனையோடு இருந்தது. அவரிடம் நீட்டினாள். தஸ்நேவிஸ் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“பத்திரமா திருப்பிக் கொண்டாந்துடறேன் மாஸ்டர்.”

ரோசலின் மெத்தையை விட்டு இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“அப்பாவும் பத்திரமாதான் திருப்பிக் கொண்டாந்தார்ண்ணா.”