வளையத்தில் நுழையாத காத்தாயி

முன்னொரு காலத்திலே, கடலோரத்து மேலந்துறை நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் மனசில் ஒன்று தோன்றினால் சாயங்காலத்துக்குள் அது சட்டமாகிவிடும். ஒருநாள் அயல்நாட்டுத் தூதரோடு வந்த பரிவாரத்தைப் பார்த்தான். அத்தனை பேரும் மூங்கில் போல ஒல்லியாக, ஒரே அளவாக நின்றார்கள்.

"நம் அரண்மனை ஆட்களும் இப்படி இருந்தால் என்ன?" என்றான்.

அவ்வளவுதான். சபையிலே சோதிநாதர் என்றொரு பெரிய மனிதர். மந்திரி அறவாழியார் பேச்சை ராஜா கேட்டாலே அவருக்கு வயிறு எரியும். ராஜாவிடம் நல்ல பேர் வாங்க, உடனே கொல்லனைக் கூப்பிட்டு ஓர் இரும்பு வளையம் செய்வித்துவிட்டார். இனி அரண்மனை வேலைக்கு வருகிறவர்கள் அதில் நுழைந்து வெளியே வரவேண்டும். உடம்பு இடித்தால் வேலை கிடையாது.

அந்த ஊரில்தான் காத்தாயி இருந்தாள். துறைமுகத்தில் உப்பு மூட்டை சுமக்கிறவள். நல்ல பருத்த உடம்பு. அவளுக்கு ஒரே மகள் செவந்தி. எதிர்க்கரைத் தீவில் கட்டிக்கொடுத்திருந்தது. கரையில் நின்றால் தீவு தெரியாது. தீபமலை உச்சியில் ஏறினால், வானம் தெளிந்த நாளில் நீலக் கோடாகத் தெரியுமாம். ஆனால் அந்த மலையில் அரண்மனை வேலையாளான தீபக்காவலரைத் தவிர யாரும் ஏறக்கூடாது. தினமும் விறகும் எண்ணெயும் சுமந்துபோய், கப்பல்களுக்காக அந்தியில் தீ மூட்டுவது அவர் வேலை.

தீவுக்குப் போய்வந்த படகுக்காரர் ஒருமுறை சொன்னார்: "உன் மக சாயங்காலமானா வாசல்ல வந்து உட்கார்ந்துடுது. நம்ம மலைத்தீயைப் பார்த்த பிறகுதான் சோத்துல கை வைக்குது."

அன்றிலிருந்து காத்தாயிக்கு மூட்டை தலையில் இருந்தாலும் கண் மலைமேலேயே இருந்தது. அந்தத் தீயை நம்ம கையால மூட்டணும். ஒருநாளாவது அந்த நீலக் கோட்டைப் பார்க்கணும்.

பழைய காவலர் பார்வை மங்கி விலகியபோது, அவள் மூட்டை சுமப்பதைப் பார்த்திருந்த மந்திரி, "நீ போய்க் கேள்" என்றார். சோதிநாதரோ அந்த வேலையைத் தன் அக்காள் மகன் நாகனுக்கு வைத்திருந்தார்.

வளையம் காத்தாயியின் தோளிலேயே இடித்து நின்றது.

"மலை செங்குத்து அம்மா. இந்த உடம்பு பாதியில் உட்கார்ந்துவிடும்" என்றார் சோதிநாதர்.

"ஒருதரம் ஏறவிட்டுப் பாருங்கய்யா."

"வளையம் பார்த்துவிட்டது. போய் வா."

அவள் சோற்றைக் குறைத்தாள். பிறகு கஞ்சித்தண்ணீரோடு நிறுத்தினாள். மந்திரி துறைமுகம் வந்தபோது மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள்.

"வளையத்துக்காகவா பட்டினி கிடக்கிறாய்?"

"மூட்டைதாங்க கனமாயிட்டே போகுது. உடம்பு குறையலை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம் மகளைப் பார்க்கணும்னுகூட இல்லீங்க. அவ இருக்கிற திசையைப் பார்த்தாப் போதும்."

"வயிறாரச் சாப்பிடு. சீக்கிரமே நீ மலை ஏறவேண்டியிருக்கும்" என்று சொல்லிப் போனார் மந்திரி.

சோதிநாதருக்கு அதற்குள் வளையம் அலுத்துப்போயிருந்தது. முகம் திருப்பி வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். இடிக்கும் சத்தம் கேட்டால் "போ" என்பார். கேட்காவிட்டால் "தகுதி" என்பார். ஒருநாள் மந்திரியின் ஆட்கள் தலைப்பாகையும் சால்வையுமாக ஒருவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து, வளையத்தில் நுழைத்தார்கள். சத்தமே இல்லை.

"தகுதி" என்றார் சோதிநாதர்.

மந்திரி அந்தச் சால்வைக்காரரைச் சபைக்கே கொண்டுவந்து நிறுத்தினார். "மகாராஜா, சோதிநாதர் தேர்ந்தெடுத்த புதிய தீபக்காவலர். தூங்கமாட்டார். சாப்பாடும் கேட்கமாட்டார்."

ராஜா தலைப்பாகையை விலக்கினான். உள்ளே வைக்கோல். சோளக்கொல்லைப் பொம்மை.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "எண்ணெய்க் குடத்தை இது தூக்குமா?"

"அதை வளையம் கேட்கவில்லை, மகாராஜா."

சோதிநாதர் முகம் கறுத்தது. "இது வேடிக்கை. என் மருமகனும் வளையத்தில் நுழைந்தவன்தான். அவனை ஏறச்சொல்லுங்கள்."

"அவனும் ஏறட்டும், அந்த அம்மாளும் ஏறட்டும்" என்றான் ராஜா.

ராஜாவும் சோதிநாதரும் மந்திரியும் பல்லக்குப் பாதையில் முன்னதாகப் போனார்கள். விறகுக் கட்டும் எண்ணெய்க் குடமுமாக மற்ற இருவரும் படியேறினார்கள். நாகன் விறுவிறுவென்று போனவன், வழியில் ஒரு பாறையருகே குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"மாமா சொன்னாரேன்னு வந்தேன்மா. சுமந்து பழக்கமில்லை."

"பழகினா வரும் தம்பி. ஒல்லியா இருக்கிறதால ஒண்ணுமில்லை. மெல்ல வா" என்று சொல்லி, அவன் குடத்தையும் இன்னொரு கையில் எடுத்துக்கொண்டாள்.

உச்சியை அடைந்தபோது அவளுக்கு மார்பு ஏறி இறங்கியது.

"பாருங்கள், மூச்சு வாங்குகிறது" என்றார் சோதிநாதர்.

"வாங்குதுங்க. மலை ஏறினா வாங்கத்தானே செய்யும்? பல்லக்குல வந்த உங்களுக்கும் வாங்குதே."

இப்போதுதான் ராஜா சிரித்தான். பிறகு மந்திரியிடம் மெல்லக் கேட்டான்: "அந்த வளையத்தில் நான் நுழைவேனா?"

"சிம்மாசனத்தில் இருப்பவரை அளக்க யாருக்குத் துணிவு வரும், மகாராஜா? அளவெல்லாம் வாசலில் நிற்பவர்களுக்குத்தான்."

ராஜா தலைகுனிந்தான். அங்கேயே சட்டத்தை நீக்கினான். தன் பட்டுச் சால்வையை மந்திரிக்குப் போர்த்தினான். "சோதிநாதரே, நீர் தேர்ந்த வைக்கோல் காவலரை உம் தோளிலேயே சுமந்து, கடைத்தெரு வழியாகக் கொல்லையில் கொண்டுபோய் விடும்" என்றான்.

இதெதுவும் காத்தாயி காதில் விழவில்லை. அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று வானம் தெளியவில்லை. நீலக் கோடு எங்குமில்லை. வெறும் மூட்டம்.

"இனி நீதான் தீபக்காவலர். உனக்கு என்னம்மா வேண்டும்?" என்று ராஜா கேட்டான்.

"தீவுக்கு அடுத்த படகு போறப்ப ஒரு வார்த்தை சொல்லி அனுப்பணுங்க. இனிமே இது அவ அம்மா மூட்டுற தீன்னு."

விறகை அடுக்கி எண்ணெய் ஊற்றினாள். தீ பற்றி எழுந்தது. படகு போய்ச் சேரும்வரை செவந்திக்கு அது எப்போதும் போல மலைத்தீதான். தெரிந்தும் காத்தாயி இன்னும் இரண்டு கட்டை சேர்த்தாள். தீ உயர்ந்தது. மூட்டத்துக்கு அப்பால், எந்தப் பக்கம் என்று நிச்சயமில்லாமல், ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.