இடது பக்கத்துச் சக்கரம்

குருவுக்கு முப்பத்தஞ்சு வயசு. சீடனுக்கு அறுபது. கோயமுத்தூர் செட்டிபாளையம் ரோட்டுல ஒரு தகரக் கொட்டாயி, அதுதான் ஆசிரமம். காவிக்குப் பதிலா கிரீசு.

குரு பேரு துளசிமணி, பொம்பளையாளு. ரேஸ் வண்டிகளுக்குப் பல்சக்கர வேல பாத்துப் பாத்தே ஒரு தோள்பட்ட எறங்கிப் போனவங்க. கம்மியாத்தான் பேசுவாங்க. பொழுது சாஞ்சா பேசறதுக்குத் தெம்பும் மிச்சம் இருக்காது.

சீடன் பேரு சென்னியப்பன். காலம்பூரா லாரி ஓட்டினவரு. கண்ணு மங்கி ஓட்டறத நிறுத்தினதும் நேரா இங்க வந்து நின்னாரு. "இத்தன வருசம் என்ற முதுகுக்குப் பின்னாடியே சுத்திட்டு இருந்த சாமானம் என்னன்னு ஒருக்காவாச்சும் தொறந்து பாத்துட்டுச் சாவறனுங்." அன்னிக்கு இருந்து இங்கதான். முட்டி தேஞ்சுது, இடுப்புத் தேஞ்சுது. வாய் மட்டும் தேயல.

ஒரு வெள்ளிக்கெழம செவப்பு வண்டி ஒண்ணு வந்துச்சு. பழைய ஸ்போர்ட்ஸ் காரு, ரெண்டே சீட்டு. தவள மாதிரி தரையோட ஒட்டிக் கெடந்துச்சு.

"ஏனுங் குருவே, இதுல உக்காரணுமா, படுத்துக்கணுமா?"

துளசிமணி வண்டியில ஏறி உக்காந்தாங்க. வண்டி கழுவற எடத்துல எப்பவும் சேறா இருக்கும். பின்னாடி வலது சக்கரம் சேத்துலயும், இடது சக்கரம் காஞ்ச தரையிலயும் நிக்கற மாதிரி வண்டிய உட்டாங்க.

"பின்னாடி நின்னு பாருங்ணா."

மிதிச்சாங்க. வலது சக்கரம் கிர்ர்னு சுத்துச்சு. சேறு அத்தனையும் சென்னியப்பன் லுங்கியில. வண்டி ஒரு சாண் நகுரல. இடது சக்கரம் அசையவே இல்ல.

"என்ன பாத்தீங்க?"

"வலது பக்கத்து நாயி ஊரச் சுத்துது. இடது பக்கத்து மகராசி தேமேன்னு நிக்குது."

"கோளாறு எதுலீங்ணா?"

"இதையும் கேக்கணுமாக்கும்? சுத்தறதுலதானுங்."

துளசிமணி இஞ்சின நிறுத்தினாங்க. "செரி. கழட்டலாம்."

பின் சக்கரம் ரெண்டையும் கோக்கற அச்சுக்கு நடுவால ஒரு குண்டு இருக்கும். இஞ்சின்ல இருந்து வர்ற சுத்தற பலத்த ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கறது அதுதான். சாதா வண்டியில, எந்தச் சக்கரம் வழுக்குதோ அதுக்கே எல்லாம் போயிரும். இந்த மாதிரி வண்டியில அப்படிப் போவாம இருக்க, குண்டுக்குள்ள வட்ட வட்டமா பிளேட்டு அடுக்கி வெச்சிருப்பாங்க. ஒரு சக்கரம் வழுக்குனா, அதுங்க ஒண்ண ஒண்ணு இறுக்கிப் புடிச்சு, இன்னொரு சக்கரத்துக்கும் தள்ளி உடும்.

ஆயில எறக்குனாங்க. கருப்பட்டிப் பாகு மாதிரி வந்துச்சு. அச்ச உருவி, குண்ட எறக்கி, பிளேட்டு ஒவ்வொண்ணா எடுத்துத் துணி மேல வரிசையா வெச்சாரு சென்னியப்பன். எல்லாம் மழமழன்னு இருந்துச்சு.

"என்ற மண்டையே தேவலீங். இதுல புடிமானமே இல்ல."

போன் அடிச்சுது. கை பூரா ஆயிலு. மொழங்கையில அமுத்தி ஸ்பீக்கருல போட்டாரு. மகன் கவியரசு. ஓசூர்ல ஒரு லேத்துப் பட்டறையில வேல.

"அப்பா, ஓனருகிட்ட வாய் குடுத்துட்டேன். வேலய உட்டு நிறுத்திட்டான். ஞாயித்துக்கெழம நீ வந்து பேசுனாச் சேத்துக்குவான்."

"ஞாயித்துக்கெழம உன்ற தங்கச்சிக்குக் கட்டுச்சோறுடா. தாராபுரம் போயி அவளக் கூட்டியாரணும்."

கட்டுச்சோறுன்னா, மாசமா இருக்கற பொண்ணுக்குப் பொறந்த வீட்டுல இருந்து சோறு கட்டிட்டுப் போயி, எல்லாருக்கும் போட்டு, வளையல் அடுக்கி, பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது. தல மகப்பேறு.

"அவளுக்கு என்னப்பா? அம்மாளும் மாமனும் போனாப் பத்தாதா? நீ வரலீன்னா நான் எங்கயாச்சும் போயித் தொலையறேன்."

"இருடா, இருடா. வர்றன்."

போன் நின்னுச்சு. துளசிமணி பிளேட்டுகளத் தொடச்சுட்டே இருந்தாங்க.

"போன தடவ ஈரோடு, அதுக்கு முந்தி திருப்பூரு. இவன் வேலைக்குப் போன ஊரையெல்லாம் நான்தானுங் காலு காலா உழுந்து பாத்துட்டு வந்தன். ஒவ்வொரு ஓனரு செருப்பு என்ன சைசுன்னு கேளுங்க, சொல்றன்."

குரு சிரிக்கல. சீடனும் சிரிக்கல. லுங்கியில கையத் தொடச்சுட்டு மகளுக்குப் போட்டாரு.

"மேனகா கண்ணு... ஞாயித்துக்கெழம அப்பனால வர முடியாதாட்டம் இருக்குது. உங்கண்ணன்..."

அவ முடிக்க உடல.

"பரவால்லீங்ப்பா. அண்ணனப் பாருங்க."

"அம்மாளும் மாமனும் வருவாங்க சாமி."

"செரிங்ப்பா."

போன மடியில சொருகினாரு. "பாத்தீங்களா குருவே? ஏன்னு ஒரு வார்த்த கேட்டாளா? தங்கமுங். சின்னதுல இருந்தே அப்படித்தான். எங்க நட்டாலும் நின்னுக்குவா."

துளசிமணி எழுந்து, கழட்டி வெச்ச ரெண்டு சக்கரத்தையும் உருட்டிட்டு வந்து அவரு முன்னால படுக்கப் போட்டாங்க.

"டயரப் பாருங்ணா."

"இது வலதா? கட்டையே இல்ல, வழுவழுன்னு தேஞ்சு கெடக்குது. இது இடதுங்களா? கடையில வாங்கின ரப்பர் முடி கூட உதுரலியே."

"வண்டிக்காரரு மாத்தி மாத்தி வலதுக்கே டயரு போட்டிருக்காரு."

"அதுதானுங் தேயுது. தேயறதுக்குத்தான போட முடியும்?"

"ம்."

அன்னிக்கு அவ்வளவுதான். புது பிளேட்டுகள ஆயில்ல ஊறப் போட்டுட்டு, ரெண்டு பேரும் இடுப்பப் புடிச்சுட்டு எந்திரிச்சாங்க.

சனிக்கெழம சென்னியப்பன் வர்றப்பவே தோள்ல ஒரு பையி. அதைக் கொண்டிபோயி ஆணியில மாட்டினாரு. சாயங்காலம் ஓசூரு பஸ்ஸு.

"ராத்திரி தூங்கலியாண்ணா?"

"தூங்கினனுங். என்ற ஊட்டுக்காரிதான் தூங்கல. புளி கரச்சுட்டே என்னப் பாத்தா பாருங்க, எந்தச் சட்டியில என்னக் கரைக்கறான்னே தெரியல."

பிளேட்ட அடுக்க ஆரம்பிச்சாங்க. பாதியில போன் அடிச்சுது. மறுபடியும் கவியரசு.

"அப்பா, ஓனருகிட்ட எதையாச்சும் எசகுபெசகா பேசித் தொலையாத. உன்ற நக்கலு எல்லாம் வேண்டாம். பேசாமக் கால்ல உழுந்துரு, என்ன?"

சென்னியப்பன் மொகம் மாறிப் போச்சு.

"டேய். நான் வரல. ஓசூரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எனக்கு மகனே இல்லைன்னு நெனச்சுக்கறன். போடா."

வெச்சுட்டாரு. பிளேட்டு அடுக்கு எவ்வளவு இறுக்கமா இருக்கணும்னு வெக்கறதுக்கு மெல்லிசா வளையம் போடுவாங்க. சிம்முன்னு பேரு. குரு எடுத்து வெச்சிருந்தத விடக் கனமா ஒண்ண எடுத்தாரு. போட்டாரு. மூடி, திருகி, முக்கி முக்கி இறுக்கினாரு.

"இனி எவன் வழுக்கறான்னு பாக்கறன்."

துளசிமணி பாத்தாங்க.

குண்ட ஏத்தி, அச்சுப் போட்டு, ஆயில் ஊத்தி, சக்கரம் மாட்டறதுக்குள்ள மதியம் தாண்டிருச்சு. தகரம் அடுப்பு மாதிரி காஞ்சுது. துளசிமணி வண்டிய வாசலுக்கு எடுத்து, ஒரு வட்டம் அடிச்சாங்க, மெதுவா.

கீச்சுன்னுச்சு. அப்பறம் டக், டக்குன்னு குதிச்சுது. உள்பக்கத்து டயரு தரையில தேஞ்சு கறுப்பாக் கோடு போட்டுச்சு. மூக்கத் திருப்புனா வண்டி திரும்பாம நேராப் போயி மண்ணுல மோதப் பாத்துச்சு.

"என்னுங் இது? நொண்டிக் குதுர மாதிரி?"

"வளைவுல வெளிச்சக்கரம் நெறையா ஓடணும். உள்சக்கரம் கொஞ்சம் ஓடணும். ரெண்டையும் ஒரே கட்டாக் கட்டிட்டீங்க."

"வழுக்கக் கூடாதுன்னுதான கட்டினன்."

"வழுக்காதுங்ணா. திரும்பவும் திரும்பாது."

சென்னியப்பன் அப்படியே தரையில உக்காந்தாரு. "உட்டா ஒண்ணு மட்டும் சுத்துது. புடிச்சா ரெண்டும் மாட்டிக்குது. எத்தனதானுங் குருவே புடிக்கறது? சலிச்சுப் போச்சு."

"எந்திரிங்க. கழட்டலாம்."

"மறுக்காவா?"

"மறுக்காதான்."

"நீங்க போடறப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தாக் கேட்டிருப்பீங்களாக்கும்?"

சென்னியப்பன் ஸ்பேனர எடுத்தாரு. கழட்டுனாங்க. ஆயிலு கையெல்லாம் வழிஞ்சு மொழங்கையில சொட்டுச்சு. கனமான சிம்ம எடுத்துட்டு, முன்ன எடுத்து வெச்சிருந்த மெல்லிசப் போட்டாங்க. முறுக்கிப் பாக்கற கம்பிய அவருகிட்டக் குடுத்தாங்க குரு.

"முறுக்குங்க."

"புடிக்குதுங்."

"இன்னும்."

"...இப்ப உடுது."

"அங்கதான்."

திரும்ப ஏத்துனாங்க. வெயிலு எறங்க ஆரம்பிச்சுது. துளசிமணி வட்டம் அடிச்சாங்க, வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு. சத்தமில்லாமத் திரும்புச்சு. அப்பறம் வெள்ளிக்கெழம மாதிரியே கழுவற எடத்துல கொண்டாந்து நிறுத்துனாங்க. வலது சக்கரம் சேத்துல. இடது சக்கரம் காஞ்ச தரையில.

சென்னியப்பன் லுங்கியத் தூக்கிக் கட்டிட்டு, வலது சக்கரத்துக்கிட்டப் போயிக் குத்த வெச்சாரு.

"அங்க ஏங்ணா?"

"இது சுத்துதான்னு பாக்கறனுங்."

"எப்பப் பாத்தாலும் அதையேதான் பாக்கறீங்க. இந்தப் பக்கம் வாங்க."

முட்டியப் புடிச்சு எந்திரிச்சு, சுத்திப் போயி, இடது சக்கரத்துக்கிட்ட உக்காந்தாரு.

மிதிச்சாங்க.

வலது சக்கரம் ஒரு திருப்பு வழுக்குச்சு. அவ்வளவுதான். இடது சக்கரம் தரையக் கவ்வுச்சு. புது ரப்பரு, ஒரு நாளும் தேயாதது, கறுகறுன்னு மண்ணக் கடிச்சுட்டுத் திரும்புச்சு. சேத்துல கெடந்த வலது சக்கரத்தையும் சேத்து இழுத்துட்டு, வண்டி மொத்தமா மேல ஏறி வந்து நின்னுச்சு.

சென்னியப்பன் வாயத் தொறந்துட்டு உக்காந்திருந்தாரு.

"ஏனுங், இத்தன பலத்த வெச்சுட்டா இது இத்தன நாளு சும்மா நின்னுச்சு? தன்னால கெட்டியா நிக்குதுன்னுல்ல நெனச்சன்."

துளசிமணி எறங்கி வந்து, அந்த டயரு மேல கைய வெச்சாங்க.

"கெட்டியா நிக்கலீங்ணா. அதுக்கு ஒண்ணுமே வந்து சேரல."

ரோட்டுல ஒரு பஸ்ஸு போச்சு. சென்னியப்பன் எந்திரிச்சு, சோப்புப் பொடி போட்டுக் கையக் கழுவினாரு. ரெண்டு தடவ கழுவினாரு. போன எடுத்தாரு. மொதல்ல மகனுக்கு.

"கவியரசு, காலையில சொன்னத மனசுல வெக்காத. திங்கக்கெழம வர்றன், ஓனரப் பாக்கலாம். நாளைக்கு நீ தாராபுரம் வா. உன்ற தங்கச்சிக்குக் கட்டுச்சோறு, சோத்துப் போவினி, அண்டா எல்லாம் தூக்க ஆளு வேணும்... அதெல்லாம் தெரியாது. பஸ்ஸு ஏறு."

ஆணியில இருந்த பைய எடுத்துத் தோள்ல போட்டாரு. அப்பறம் மகளுக்கு.

ஒரே மணியில எடுத்தா.

"என்னுங்ப்பா? அண்ணனுக்கு மறுபடியும் ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?"

சென்னியப்பன் குருவப் பாத்தாரு. துளசிமணி குனிஞ்சு, சிந்துன ஆயில்ல மண்ணு போட்டுட்டு இருந்தாங்க.

வாய் மட்டும் தேயாத மனுசன், போனக் காதுல வெச்சுட்டு அப்படியே நின்னாரு. அந்தப் பக்கம் அவ, அப்பா, அப்பான்னு கூப்பிட்டுட்டே இருந்தா.