செங்கமலம் சனியைப் பார்த்த கதை

குரு என்றால் தாடி வேண்டும், காவி வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்தக் கதையின் குரு ஒரு பல் டாக்டர். பெயர் இன்பவல்லி. கீழே கிளினிக், மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடியில் ஒரு டெலஸ்கோப். சீடரோ குருவுக்கு அக்கா வயது. எதிர் வீட்டுச் செங்கமலம். கடவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனவள் சீடராகித் திரும்பினாள்.

பல் போன இடத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் சுவரில் இருந்த படம் அவள் கண்ணில் பட்டது. மஞ்சள் நிறத்தில் ஓர் உருண்டை, அதைச் சுற்றி ஒரு வளையம்.

"இது என்னா டாக்டரம்மா, ஒட்டியாணம் போட்ட பந்து மாதிரி?"

"அது சனி கிரகம்க்கா. நம்ம மாடியிலேர்ந்து நான்தான் எடுத்தேன்."

செங்கமலம் சட்டென்று உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். சனி பகவானுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது, ஒதுங்கி நின்றுதான் கும்பிட வேண்டும். திருநள்ளாற்றுக்கு ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய அந்த ஊரில், பால் மணம் மாறாத பிள்ளைக்கும் இது தெரியும். செங்கமலம் சனிக்கிழமை தவறாமல் எள் விளக்குப் போடுகிறவள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது கிடையாது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மகள் அபிராமிக்கு ஏழரைச் சனி. முன்பு ஒரு வரன் வந்தபோது, "இப்போது வேண்டாம்" என்று ஜோசியர் சொன்னார். அவர் பேச்சைத் தட்டிவிட்டு செங்கமலம் நிச்சயதார்த்தத்தை நடத்தினாள். தட்டில் வைத்த பழம் வாடுவதற்குள் அந்தச் சம்பந்தம் முறிந்துபோனது. மாப்பிள்ளை வீட்டார் என்னென்னவோ காரணம் சொன்னார்கள். செங்கமலத்துக்கு ஒரே காரணம்தான் தெரிந்தது. பெற்ற பெண்ணின் வாழ்க்கையில் தானே மண்ணைப் போட்டுவிட்டோம் என்று அவள் மருகாத நாள் இல்லை.

இப்போது காரைக்காலிலிருந்து இன்னொரு வரன். பையனுக்கும் அபிராமிக்கும் ஒருவரை ஒருவர் பிடித்திருந்தது. ஜோசியர், சனி நகர இன்னும் இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும் என்றார். பையனின் அம்மா தங்கமானவர்தான். ஆனால் அவரும் எத்தனை நாள் காத்திருப்பார்? தை முடிவதற்குள் ஒரு பதில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார். அபிராமி சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் வாயைத் திறக்காமல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அதுதான் செங்கமலத்தை அரித்தது.

பஞ்சைத் துப்பிவிட்டு அவள் கேட்டாள்.

"டாக்டரம்மா, அவர நான் பாக்க முடியுமா?"

"இப்பதானே பாத்தீங்க."

"படம் வேணாம். அவரையே பாக்கணும். எம் பொண்ணு மேல அவரு பார்வை இருக்குன்னு சொல்றாங்க. எப்படித்தான் பாக்குறாருன்னு ஒரு தடவ பாத்துடணும்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"மாடி ஏறுவீங்களா?"

"முட்டி வலி இருக்கு."

"நான் அதக் கேக்கல."

செங்கமலம் ஓரக்கண்ணால் சுவர்ப் படத்தைப் பார்த்தாள். "ஏறுறேன்" என்றாள்.

முதல் நாள் மாடியில் டெலஸ்கோப் இல்லை. துணிப்பையில் கட்டிய ஸ்டாண்டு மூட்டையும், குழாய் வைத்த ஒரு நீளப் பெட்டியும் இருந்தன. டாக்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"பிரிச்சு மாட்டுங்க."

"எனக்கு என்னா தெரியும் டாக்டரம்மா? நீங்க மாட்டுனா ஒரு நிமிஷ வேலை."

"நான் மாட்டலாம். அப்பறம் பாத்தது நானா, நீங்களா?"

அம்மி நகர்த்தும் கைக்கு ஸ்டாண்டு எம்மாத்திரம்? ஆனால் அது அவளைப் படுத்தி எடுத்தது. மூன்று காலில் ஒன்று குட்டையாக நின்றது. நிமிர்த்தினால் இன்னொன்று வழுக்கியது. குழாயை ஏற்றியதும் மொத்தமும் முன்னால் குப்புறச் சாயப் பார்த்தது. டாக்டர் பழத்தை முழுவதும் தின்று முடித்தாரே தவிர, எழுந்து வரவில்லை. கடைசியில் அது ஆடாமல் நின்றபோது செங்கமலத்தின் முந்தானை நனைந்திருந்தது. பெற்ற பிள்ளை எழுந்து நின்றதைப் பார்த்தவள்போல ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள்.

"இப்ப சனியப் பாக்கலாமா?"

"அவுத்து வெச்சுட்டு வீட்டுக்குப் போங்க. நாளைக்கு மறுபடி மாட்டுங்க."

மறுநாள் பட்டப்பகலில் வரச் சொன்னார். பெரிய குழாயின் முதுகில் ஒரு குட்டிக் குழாய் இருந்தது. அதில் குறி பார்த்தால் பெரிய குழாயிலும் அதே பொருள் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் குட்டிக் குழாயின் திருகுகளைத் திருகித் திருகி இரண்டையும் ஒத்துப்போக வைக்க வேண்டும். ஊர்க் கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, "அதப் பிடிங்க" என்றார் டாக்டர்.

தொட்டி அகப்படுவதற்குள் தென்னை மட்டை, யாரோ காயப்போட்ட லுங்கி, செல்போன் கோபுரம் எல்லாம் வந்து போயின. கடைசியில் தொட்டி வந்தது. தலைகீழாக வந்தது; அந்தக் குழாயில் எல்லாமே அப்படித்தான். அதன் விளிம்பில் ஒரு காக்கை தலைகீழாக உட்கார்ந்து சிறகு கோதிக்கொண்டிருந்தது.

"சனியோட வாகனம்" என்றாள் செங்கமலம், குரலை இறக்கி.

"அது பாட்டுக்கு உக்காந்திருக்கு" என்றார் டாக்டர். "எந்தப் பக்கம் வேணா திருப்புங்க. சூரியன் பக்கம் மட்டும் திருப்பிடாதீங்க. கண்ணு போயிடும்."

"சூரியனோட பிள்ளதானே சனி. அப்பனையே பாக்கக் கூடாதுன்னா, பிள்ளையப் பாக்கலாமா?"

"அப்பாவத்தான்கா நேராப் பாக்கக் கூடாது. பிள்ளை சாது."

செங்கமலம் நம்பவில்லை. ஆனால் வருவதை நிறுத்தவும் இல்லை.

மூன்றாம் நாள் அவளாகவே ஒரு காரியம் செய்தாள். வரப்போகிறவர் சாதாரண ஆளா? சாயங்காலமே மாடியைக் குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஸ்டாண்டு நிற்கும் இடத்தில் ஒரு கோலமும் போட்டுவைத்தாள். வெயில் குடித்த தளத்திலிருந்து ஆவி கிளம்பியது. அன்று குழாயில் பிடித்த நிலா, ஆற்றுக்குள் கிடக்கும் காசு மாதிரி நெளிந்துகொண்டே இருந்தது. டாக்டர் கோலத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. நாளைக்குத் தண்ணி வேணாம், கோலம் மட்டும் போடுங்க" என்றார்.

அடுத்த நாள் நிலா அசையாமல் நின்றது. பள்ளமும் மேடுமாக, அதன் நிழல்கள்கூடக் கத்தியால் வெட்டியதுபோலத் தெரிந்தன. செங்கமலத்துக்கு முட்டி வலி மறந்துபோனது. "எம்மாடி" என்று ஒரு சொல்தான் சொன்னாள். அதற்கு அடுத்த நாள் வெள்ளி கிரகத்தைத் தானே பிடித்தாள். பிறகு கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பிடித்தாள். எதைக் காட்டினாலும், தராசுத் தட்டில் காய் வைப்பதுபோலக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

சனி மட்டும் அகப்படவில்லை.

தென்மேற்கில், சிமிட்டாமல், மஞ்சளாக, வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. சின்னக் குழந்தைகூட விரலை நீட்டிக் காட்டிவிடும். ஆனால் செங்கமலம் குழாயைத் திருப்பினால் இருட்டுதான் வந்தது. மறுபடி திருப்பினாள். மறுபடி இருட்டு. ஒரு வாரம் இப்படியே போனது. தை மாதம் கைநழுவிக்கொண்டிருந்தது.

"அவருக்கு என் மேல கோவம்" என்றாள். "முகத்தக் காட்ட மாட்டேங்குறாரு."

அன்று டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவள் வைத்தபடியே இருந்த குழாயில் குறி பார்த்தார். சனி சரியாக ஒரு நிலா அகலத்துக்கு வலது பக்கம் இருந்தது. இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். அதேபோல. மூன்றாம் தடவையும் அதேபோல. அவள் கை ஒவ்வொரு முறையும் சனிக்கு நேராக வரும்; கடைசி நொடியில், அவளுக்கே தெரியாமல், இடது பக்கம் ஒதுங்கும்.

"கோயில்ல நீங்க எந்தப் பக்கம் நின்னு கும்பிடுவீங்க?"

செங்கமலம் யோசித்தாள். "இடது பக்கந்தான். ஏன்?"

"குழாயையும் அந்தப் பக்கந்தான் ஒதுக்கிடுறீங்க. நாளைக்கு வாங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. சீடருக்கு அன்று மனம் விட்டுப்போயிருந்தது. காலையில் காரைக்காலிலிருந்து போன் வந்திருந்தது. ராத்திரிக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று பையனின் அம்மா கேட்டிருந்தார். விளக்கேற்றிய கையோடு செங்கமலம் மாடிக்கு வந்தாள். ஸ்டாண்டை விரித்தாள், கோலத்தின் மேல் நிறுத்தினாள், குழாயை ஏற்றினாள்.

டாக்டர் கிளினிக்கிலிருந்து எடுத்து வந்திருந்த பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை அவளிடம் கொடுத்தார்.

"இத வாயில வெச்சுத்தானே உங்க கடவாய்ப் பல்லப் பாத்தேன். பல்லுக்கு எதிர நின்னா பாத்தேன்?"

"இல்ல. பக்கத்துல நின்னீங்க."

"அவ்வளவுதான்." டாக்டர் பெட்டியிலிருந்து முழங்கைபோல மடிந்த ஒரு சின்னத் துண்டை எடுத்துக் குழாயின் பின்முனையில் செருகினார். "இதுக்குள்ளயும் ஒரு கண்ணாடி இருக்கு. இனிமே நீங்க அவருக்கு எதிர நிக்க வேணாம். பக்கத்துல ஒதுங்கி நின்னு, தலையக் குனிஞ்சு பாத்தாப் போதும்."

செங்கமலம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலில் நிற்பதுபோலவே நிற்கலாம்.

"ஆனா குறி பாக்கையில ஒதுங்கிடுறேனாமே?"

"ஒதுங்குங்க. இத்தன நாளா இடது பக்கம் ஒதுங்குனீங்க. அது அவரு தாண்டிப் போன இடம். இன்னிக்கு வலது பக்கம், கொஞ்சம் கீழ ஒதுங்குங்க. அதான் அவரு போற வழி. காத்திருந்தா அவரே நகந்து வருவாரு."

முதல் தடவை அதிகமாக ஒதுங்கிவிட்டாள். காத்திருந்து காத்திருந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம். இரண்டாம் தடவை கையைப் பதமாக நகர்த்தினாள். திருகை இறுக்கினாள்.

"இப்ப கைய எடுத்துடுங்க. எதையும் தொடாதீங்க."

செங்கமலம் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள். பக்கவாட்டில் நின்று, தலையைக் குனிந்து, கண்ணை வைத்தாள்.

இருட்டு. ஒரு சின்ன நட்சத்திரம். இருட்டு.

பிறகு விளிம்பில் ஓர் ஒளி கசிந்தது. யாரும் கூப்பிடாமல், யாரும் தள்ளாமல், அவர் உள்ளே வந்தார். நகத்தளவு உருண்டை. அதைச் சுற்றி வளையம், அவ்வளவு துல்லியமாக, நகை ஆசாரி செதுக்கி வைத்ததுபோல. உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே கறுப்பாக இடைவெளிகூடத் தெரிந்தது. சத்தமில்லாமல், நிதானமாக, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அவர் நடந்துபோனார். செங்கமலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அந்த விளிம்பைத் தொட்டு, பாதி மறைந்து, முழுவதும் மறைந்தார்.

அவள் நிமிர்ந்தபோது கன்னம் நனைந்திருந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் யாருக்குப் பயந்து தலையைக் குனிந்தாளோ, அவரை அதே குனிந்த தலையோடு கண்ணாரப் பார்த்துவிட்டாள். அதுவும் தன் கையாலேயே பிடித்து.

"பாத்துட்டேன் டாக்டரம்மா."

"ம்."

"இவ்வளவு அழகா இருப்பாருன்னு யாரும் சொல்லலையே."

மாடிப்படியில் காலடி கேட்டது. அபிராமி வந்தாள். கையில் செல்போன் இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை.

"அம்மா, அவங்க லைன்ல இருக்காங்க. என்ன சொல்லட்டும்?"

செங்கமலம் மகளைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். வந்த சிரிப்பு பாதியில் நின்றது. பழைய பயம் போன வழியே திரும்பி வந்தது.

"டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இவரு பார்வை எம் பொண்ணு மேல இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லிடுங்க."

"மறுபடி ஒரு தடவ வெச்சுப் பாருங்க" என்றார் டாக்டர். செங்கமலம் வைத்தாள். வலது பக்கம், கொஞ்சம் கீழே. கையை எடுத்தாள். குனிந்தாள். அவர் வந்தார். அதே நிதானம், அதே நடை. இந்த விளிம்பில் நுழைந்து அந்த விளிம்பில் போய்விட்டார்.

"முழுசாப் பாத்தீங்களா?" என்றார் டாக்டர்.

"பாத்தேன்."

"வந்தாரு. போனாரு. ஒரு தடவையாவது நின்னு உங்க பக்கம் திரும்பிப் பாத்தாரா?"

செங்கமலம் தென்மேற்கே அந்த மஞ்சள் புள்ளி இருந்த இடத்தை, ஒதுங்காமல், நேருக்கு நேராக நின்று பார்த்தாள்.

பிறகு மகளிடம் சொன்னாள். "நாளைக்கே பூ வெக்க வரச் சொல்லு."

அபிராமி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "அம்மா, நாளைக்குச் சனிக்கிழமை."

"தெரியும்" என்றாள் செங்கமலம்.