சொரிமுத்துவுக்குச் சோறு ஊட்டியவர்

ஆவுடையப்பன் கோமதியம்மையிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. அம்மைக்கு நாற்பத்தாறு. தன்னைவிடச் சின்னவளிடம் உபதேசம் கேட்கப் போகிறார் என்று தெருவில் சிலர் சிரித்தார்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

அம்மையின் மடம் ஆற்றங்கரையில் இருந்தது. ஓடு போட்ட ஒரு கூடம், சமையல்கட்டு, நாலு அறைகள். பதினோரு பேர் அங்கே வசித்தார்கள். சிலர் கற்க வந்தவர்கள். சிலர் போக்கிடம் இல்லாமல் வந்தவர்கள். யார் எந்த வகை என்று அம்மை பிரித்துப் பேசியதில்லை.

ஆவுடையப்பன் முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். சாப்பாட்டுக்கு வண்டி நிற்பது பதினைந்து நிமிடம். கை கழுவ, டயரைத் தட்டிப் பார்க்க, டீ குடிக்க என்று போனது போக இலைக்கு ஐந்து நிமிடம் மிஞ்சும். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியும் அந்த ஐந்து நிமிடம் அவரை விட்டுப் போகவில்லை. மடத்துப் பந்தியில் சமையல்காரி இசக்கியம்மாள் ரசவாளியோடு அவரிடம் வந்து சேரும்போது அவர் கை கழுவிக்கொண்டிருப்பார்.

சர்க்கரை வியாதி அவருக்குப் பதினோரு வருடமாக இருந்தது. இடது காலில் சுண்டுவிரலை எடுத்தாகிவிட்டது. அந்த இடத்தில் புண் ஆறாமல் நின்றது.

ஒரு நாள் டவுனுக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். நேராக அம்மையிடம் போனார். அம்மை அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“டாக்டர் என்ன சொன்னார் அண்ணாச்சி?”

“இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்னு சொன்னார். சர்க்கரை இறங்கலேன்னா பாதத்தை எடுக்கணுமாம்.”

அம்மை ஆய்வதை நிறுத்தினாள்.

“அம்மா, சோறு தின்னா ஏறுது. சப்பாத்தி தின்னு பாத்தேன், ஏறுது. கேப்பைக்களி தின்னேன், அதுக்கும் ஏறுது. மாத்திரை ஒண்ணு விடாம போடுதேன். நான் என்னத்தைத்தான் திங்க? அதைச் சொல்லுங்க.”

அம்மை அவர் காலைப் பார்த்தாள். துணிக்கட்டின் ஓரம் ஈரமாக இருந்தது.

“முதல்ல கட்டை மாத்துங்க. நாளையிலேருந்து சொரிமுத்து ஐயாவுக்கு நீங்க சோறு ஊட்டுங்க.”

“நான் கேட்டது...”

“காதுல விழுந்துது அண்ணாச்சி.”

அவள் மறுபடி காயை எடுத்துக்கொண்டாள்.

மடத்தில் படுக்கையாகக் கிடந்த சொரிமுத்து ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். எழுபது வயது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை அசையும், ஆனால் நடுங்கும். கரண்டியைப் பிடித்தால் பாதி நெஞ்சில் சிந்தும். விழுங்குவதும் சிரமம். ஒரு வாய் உள்ளே போய், வலது கன்னத்தில் ஒதுங்கி, நாக்கு அதைத் தேடிப் பிடித்து, தொண்டை அதை ஏற்றுக்கொள்ள வெகுநேரம் ஆகும்.

ஆவுடையப்பனுக்கு அந்த வெகுநேரம் தாங்கவில்லை. முதல் நாள் கால் மணி நேரத்தில் முடித்தார். இரண்டாம் நாள் பத்து நிமிடத்தில் முடித்தார். சொரிமுத்துவின் கண் அவரையே பார்த்தபடி இருந்தது. இவர் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் புரையேறியது.

முந்தின வாய் இறங்குமுன் அடுத்ததைக் கொடுத்துவிட்டார். சொரிமுத்துவின் முகம் கறுத்தது. மூச்சு உள்ளே போகவில்லை. ஆவுடையப்பன் எழுந்து நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

“தண்ணி குடுக்காதீங்க!”

அம்மை ஓடிவந்தாள். சொரிமுத்துவை முன்பக்கம் சாய்த்துப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். ஐந்தாவது தட்டில் சோற்றுருண்டை வெளியே வந்து விழுந்தது. அதன் பிறகு மூச்சு வந்தது, விசில் போன்ற சத்தத்தோடு.

ஆவுடையப்பன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் வண்டி ஒரு ஆட்டைக்கூட அடித்ததில்லை.

சாயங்காலம் அம்மையிடம் போனார்.

“வேற ஆளைப் போடுங்கம்மா. என் கையால அந்த மனுசன் செத்துப் போயிருப்பார்.”

“நாளைக்கு அரைக் கரண்டியா எடுங்க.”

“அம்மா...”

“ஒரு வாய் இறங்குச்சான்னு தொண்டையைப் பாருங்க. பெறகு அடுத்த வாய்.”

அவர் கேட்டுக்கொண்டார். அரைக் கரண்டி எடுத்தார். தொண்டையைப் பார்த்தார். சொரிமுத்து சாப்பிட்டு முடிக்க இப்போது முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் ஆவுடையப்பனின் பசி வயிற்றைப் பிடுங்கும். ஊட்டி முடித்ததும் சமையல்கட்டுக்குப் போவார். நின்றபடியே தட்டில் சோற்றைக் குவித்து, குழம்பை ஊற்றி, முன்பு ஐந்து நிமிடத்தில் தின்றதை மூன்று நிமிடத்தில் தின்றார். ராத்திரி ஒன்பதரைச் சாப்பாடும் அப்படித்தான். காயும் கீரையும் சட்டியிலேயே கிடந்தன.

“யாரு துரத்துதா உங்கள?” என்பாள் இசக்கியம்மாள்.

மூன்று வாரம் கழித்து, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பின் விரலில் குத்தி மெஷினில் பார்த்தார். அம்மையிடம் கேட்ட அன்று இருநூற்றுத் தொண்ணூற்றாறு இருந்தது. இப்போது முந்நூற்று முப்பத்து நாலு.

மெஷினைக் கையில் பிடித்தபடி அம்மையைத் தேடிப் போனார். அம்மை செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏறிட்டு. உங்க பேச்சைக் கேட்டேன், ஏறிட்டு.”

அம்மை எண்ணைப் பார்த்தாள். முகத்தில் கவலை தெரிந்தது.

“சொரிமுத்து ஐயா என்ன சொல்லுதார்?”

“அவரா? அவருக்குத்தான் பேச்சே கிடையாதே!”

அம்மை அடுத்த செடிக்குப் போனாள்.

மறுநாள் மத்தியானம் சொரிமுத்து வாயைத் திறக்கவில்லை.

ஆவுடையப்பன் கரண்டியை உதட்டருகே கொண்டுபோனார். உதடு மூடியே இருந்தது. கொஞ்சிப் பார்த்தார். அதட்டிப் பார்த்தார். சொரிமுத்து இடது கையைத் தூக்கினார். நடுங்கும் விரல் தட்டைக் காட்டியது. பிறகு ஆவுடையப்பனின் வாயைக் காட்டியது.

“என்ன, உப்பு இல்லையா?”

ஆவுடையப்பன் கீரையில் கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்து வாயில் போட்டார்.

“உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு.”

சொரிமுத்து வாயைத் திறந்தார்.

ஒரு கரண்டி போனது. அடுத்த கரண்டிக்கு வாய் மறுபடி மூடிக்கொண்டது. விரல் மறுபடி தட்டைக் காட்டியது, ஆவுடையப்பனின் வாயைக் காட்டியது.

“உப்பு இருக்குங்கேன்லா!”

வாய் திறக்கவில்லை. ஆவுடையப்பன் இன்னும் கொஞ்சம் கீரையைத் தின்றார். வாய் திறந்தது.

மூன்றாவது முறைதான் அவருக்குப் புரிந்தது. கரண்டியைக் கீழே வைத்தார். அந்த மனிதரைப் பார்த்தார். மூன்று வாரமும் தான் பசியோடு உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்துக்கொண்டே விழுங்கியிருக்கிறார்.

“ரயில்வே கேட்டைச் சாத்திட்டீரு. வண்டி நிக்காம என்ன செய்யும்?” என்றார்.

சொரிமுத்துவின் முகத்தில் பாதி சிரித்தது.

அதன் பிறகு இரண்டு தட்டுகள் வந்தன. அவருக்கு ஒரு வாய், இவருக்கு ஒரு வாய். இவர் வாய் காலியாகி ரொம்ப நேரம் கழித்துத்தான் அவர் தொண்டையில் இறங்கும். அதுவரை இவரும் சும்மா இருக்க வேண்டும். முந்திக்கொண்டு இன்னொரு வாய் எடுத்தால் சொரிமுத்து பார்ப்பார். அந்தப் பார்வைக்கு எடுத்த கை இறங்கிவிடும். சும்மா இருக்க முடியாமல், வாயில் உள்ளதை நன்றாக மென்று தின்னத் தொடங்கினார்.

இன்னொன்றும் இருந்தது. சொரிமுத்துவின் நாக்கில் ஒரு பக்கத்துக்குச் சூடு தெரியாது. அடுப்பிலிருந்து வரும் சோறு ஆற வேண்டும். அதனால் முதலில் கீரை, பிறகு கூட்டு, பிறகு மசித்த பாசிப்பயறு. இவையெல்லாம் முன்பே செய்து ஆறியிருக்கும். சோறு கடைசியில்தான் வரும். சோறு வரும்போது ஆவுடையப்பனுக்குப் பசி பெரும்பாலும் போயிருக்கும். முதல் வாரம் அதைப் பழக்கதோஷத்தில் தின்றார். இரண்டாம் வாரம் பாதியை மிச்சம் வைத்தார். மூன்றாம் வாரம் இசக்கியம்மாளிடம், “எனக்கு ரெண்டு கரண்டி போதும் தாயி,” என்றார்.

“உடம்புக்கு என்ன?” என்றாள் அவள் பயந்துபோய்.

சொரிமுத்து சீக்கிரம் உறங்கிவிடுவார். அதனால் ராத்திரிச் சாப்பாடு ஆறரைக்கே முடிந்தது. முன்பு ஒன்பதரைக்குச் சாப்பிட்டு அப்படியே பாயில் சாய்ந்தவர் ஆவுடையப்பன். இப்போது சாப்பாட்டுக்கும் பாய்க்கும் நடுவில் மூன்று மணி நேரம் கிடந்தது. அந்த நேரத்தில் அவர் சொரிமுத்துவின் கட்டிலருகே உட்கார்ந்து தான் ஓட்டிய தடங்களைச் சொல்வார். எந்த ஊரில் எந்தக் கேட்டில் எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்வார். உறக்கம் வரும்வரை சொரிமுத்து கண்ணை மூடிக் கேட்பார்.

ஒரு நாள் ஆவுடையப்பன் பேசிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தினார்.

“என் வீட்டுக்காரி உசிரோட இருந்தப்ப ஒரு நாளும் அவகூட உக்காந்து தின்னது கிடையாது. அவ போடுவா, நான் எந்திரிச்சிருவேன். அவ எப்ப தின்னான்னே எனக்குத் தெரியாது.”

சொரிமுத்து கண்ணைத் திறந்தார். நடுங்கும் இடது கையை நீட்டி அவர் முழங்காலில் வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். புண்ணின் ஓரங்கள் சுருங்கி உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தார்.

“மூணு மாசச் சர்க்கரைச் சராசரி பத்தே கால் சதவீதம் இருந்தது. இப்ப எட்டரைக்கு வந்திருக்கு. வேற எங்கயும் மருந்து வாங்கினீங்களா?”

“இல்லை.”

“சோத்தை நிறுத்திட்டீங்களா?”

“திங்கேன். கடைசியில.”

“கடைசியிலன்னா?”

ஆவுடையப்பன் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடிவில், “இப்படியே போங்க. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. காலை எடுக்கிற பேச்சு இப்ப வேண்டாம்,” என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஆவுடையப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் இருந்தவர் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

ஆடி மாதம் புண் முழுதாக மூடியது. சாப்பிட்ட பின் பார்த்தால் நூற்று எழுபதுக்குப் பக்கத்தில் நின்றது. சில நாள் ஏறும், சில நாள் இறங்கும். அவர் எண்ணை அம்மையிடம் காட்டுவதை நிறுத்தியிருந்தார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் சொரிமுத்து எழவில்லை. உறக்கத்திலேயே போயிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் அவர் கடைசியாகத் தின்றது ஒரு கரண்டி மோர்ச்சோறு. அதைக் கொடுத்தவர் ஆவுடையப்பன்.

திருப்பூரிலிருந்து மகள் பேச்சித்தாய் வந்தாள். காரியங்கள் முடிந்த பிறகு ஆவுடையப்பனிடம் வந்து அவர் காலில் விழப் போனாள். அவர் பதறிப் பின்வாங்கினார்.

“எட்டு மாசம் எங்க அப்பாவுக்குச் சோறு ஊட்டியிருக்கீங்க. பெத்த பிள்ளை நான் செய்யல.”

அவர் கைகூப்பி நின்றார்.

அன்று மத்தியானம் பந்தியில் உட்கார்ந்தார். இசக்கியம்மாள் கீரை வைத்தாள். ஒரு வாய் எடுத்தார். மென்றார். விழுங்கினார். பிறகு கை தட்டின்மேல் அப்படியே நின்றது.

“என்ன வேணும் அண்ணாச்சி?” என்றாள் இசக்கியம்மாள்.

“ஒண்ணும் வேண்டாம்.”

சற்றுப் பொறுத்து அடுத்த வாயை எடுத்தார். எல்லோரும் எழுந்துபோன பிறகும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மை தன் தட்டைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“என் சர்க்கரை இறங்கணும்னுதானே என்னை அவர்கிட்ட அனுப்புனீங்க?”

“இல்லை அண்ணாச்சி. அவருக்கு ஊட்ட அப்ப ஆள் இல்லை. உங்களுக்கு நேரம் இருந்தது.”

 வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப என் காலு?”

“அதுக்கு என்ன செய்யன்னு எனக்குத் தெரியல,” என்றாள் அம்மை. “சொரிமுத்து ஐயா பாத்துக்கிட்டார்.”